பீரோவில் கிடக்கும் பாண்டுகள்

கேள்வி: எனக்கு வயது 41. திண்டுக்கல் பக்கம். பதினைந்து வருஷம் தண்டல், வட்டித் தொழில் செய்தேன். கூடவே குடியும் இருந்தது. போன வருஷத் தொடக்கத்தில் ஒரு நண்பர் மூலமாக இயேசுவை ஏற்றுக்கொண்டு ஞானஸ்நானம் எடுத்தேன். அன்றோடு குடியை நிறுத்தினேன். தொழிலையும் விட்டுவிட்டேன். கடன் வாங்கியவர்கள் கையெழுத்துப் போட்டுக் கொடுத்து பீரோவில் கிடக்கும் பாண்டுகளை எடுத்துக்கூடப் பார்ப்பதில்லை. இப்போது ஒரு ஹார்டுவேர் கடையில் சம்பளத்துக்கு இருக்கிறேன். நான் மனம் மாறிய கதையைச் சபையில் சாட்சியாகச் சொன்னபோது கேட்டு அழாதவர்கள் இல்லை. ஆனால் என் மனைவி நம்பவில்லை. அவள் இன்னும் கோயிலுக்குத்தான் போகிறாள். பூஜை அறைப் படங்களை நான் எடுத்துக் கட்டி வைத்ததிலிருந்து சரியாகப் பேசுவதும் இல்லை. "நீங்க சபைக்குத்தான் மாறியிருக்கீங்க, வீட்டுக்கு இன்னும் மாறல" என்கிறாள். போன மாதம் பெரியப்பா மகன் இறந்துபோனார். சுடுகாட்டிலிருந்து திரும்பும்போது எல்லாரோடும் சேர்ந்து குடித்துவிட்டேன். ஒரே ஒரு தடவைதான். யாரிடமும் சொல்லவில்லை. என் ரட்சிப்பே பொய்யா? மனைவியை எப்படி நம்ப வைப்பது?

பி.கு: தொழிலில் மிச்சமான பணம் இரண்டு லட்சம் இருக்கிறது. சபைக் கட்டடத்துக்குக் கொடுக்கலாமா? வட்டி கட்ட முடியாத ஒருவருடைய இரண்டு சென்ட் இடமும் என் பெயருக்குக் கிரயமாகியிருக்கிறது. அதையும் விற்றுக் கொடுக்கலாம் என்று நினைக்கிறேன்.

பதில்:

தம்பி, உங்கள் அக்கா வயது இருக்கும் எனக்கு. அதனால் அப்படியே கூப்பிடுகிறேன். குடியால் பாதிக்கப்பட்ட குடும்பங்களோடு வேலை செய்வது என் தொழில். நானும் சபைக்குப் போகிறவள்தான். ஆகவே நீங்கள் எழுதியிருக்கும் வார்த்தைகள் எனக்குப் புதிதில்லை.

குடித்ததைப் பற்றி இருபது வரி எழுதியிருக்கிறீர்கள் (இடமில்லாததால் இங்கே சுருக்கியிருக்கிறோம்). மனைவியைப் பற்றி அதற்கும் மேல். பாண்டுகளைப் பற்றி ஒரே வரி. அதுவும் பெருமையாக, "எடுத்துக்கூடப் பார்ப்பதில்லை" என்று. உங்கள் கடிதத்தில் நான் திரும்பத் திரும்பப் படித்தது அந்த வரியைத்தான்.

முதலில் குடி. அதை வேகமாக முடித்துவிடலாம், ஏனென்றால் நீங்கள் நினைக்கிற அளவுக்கு அதில் மர்மம் எதுவும் இல்லை. வருஷக்கணக்கில் குடித்த மூளைக்குச் சில இடங்கள், சில முகங்கள், சில நேரங்கள் எல்லாம் குடியோடு சேர்த்துப் பதிந்திருக்கும். துக்க வீடு, சுடுகாடு, பழைய கூட்டாளிகள், நாள் முழுக்கச் சாப்பிடாத வயிறு, இவை எல்லாம் ஒரே நாளில் கூடின. ஞானஸ்நானத் தண்ணீர் அந்தப் பதிவை அழித்துவிடும் என்று யாராவது உங்களிடம் சொல்லியிருந்தால் அவர்கள் ஆசையில் சொன்னது அது. ஒருமுறை சறுக்குவது வேறு, பழைய குடிக்குத் திரும்புவது வேறு. முதலாவது இரண்டாவதாக மாறுவது பெரும்பாலும் மறைப்பதால்தான். "எப்படியும் கெட்டுப்போச்சு, இனி என்ன" என்ற நினைப்பு மறைத்து வைத்த மனதில்தான் வளரும்.

அதனால் சொல்லிவிடுங்கள். சபை மேடையில் இல்லை, உங்கள் மனைவியிடம். அவருக்கு ஏற்கெனவே தெரிந்திருக்கும் என்றே நினைக்கிறேன். குடித்துவிட்டு வரும் கணவனின் காலடிச் சத்தத்தை வைத்தே கண்டுபிடிக்கிற பெண்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அப்புறம் ஒரு மனநல மருத்துவரைப் பாருங்கள். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு உண்டு. குடி ஏக்கத்தைக் குறைக்க மாத்திரைகள் இருக்கின்றன. ஜெபத்துக்கும் மாத்திரைக்கும் சண்டை இல்லை. போதை மறுவாழ்வுக்கான தேசிய இலவச எண் 14446. மனநல ஆலோசனைக்கு டெலி மானஸ் 14416. இன்னொன்று: மறுபடி தொடர்ந்து குடிக்க நேர்ந்துவிட்டால், போன தடவை போல ஒரே நாளில் நீங்களாக நிறுத்த வேண்டாம். நீண்ட நாள் குடித்தவர் திடீரென்று நிறுத்தினால் கைநடுக்கம், வலிப்பு, நினைவுத் தடுமாற்றம் வந்து உயிருக்கே ஆபத்தாகலாம். அதை மருத்துவமனையில் இருந்துதான் செய்ய வேண்டும்.

ரட்சிப்பு பொய்யா என்ற கேள்விக்கு வருகிறேன். "விரும்புகிற நன்மையைச் செய்யாமல், விரும்பாத தீமையையே செய்கிறேன்" என்று ரோமருக்கு எழுதியவர் பவுல். அதை எழுதியபோது அவர் பல வருஷம் ஊழியம் செய்து முடித்திருந்தார். அவர் அங்கே பேசுவது தன் பழைய வாழ்க்கையையா, அப்போதைய வாழ்க்கையையா என்று வேத அறிஞர்கள் இன்னும் விவாதிக்கிறார்கள். எப்படியானாலும், விழுந்ததற்காக நீங்கள் வருந்துகிற விதம் எனக்குப் பொய்யாகத் தெரியவில்லை. இந்தக் கேள்வியை இத்தோடு விடுங்கள்.

இப்போது பீரோவுக்கு வருவோம்.

நீங்கள் தொழிலை விட்டது உங்களுக்குத் தெரியும், உங்கள் பாஸ்டருக்குத் தெரியும், சாட்சி கேட்ட சபைக்குத் தெரியும். கடன் வாங்கியவர்களுக்குத் தெரியுமா? வெற்றுத்தாளில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த அந்த மனிதர்கள், நீங்கள் ஒன்றரை வருஷமாக ஏன் வரவில்லை என்று தெரியாமல், என்றைக்கு வருவீர்களோ என்றுதான் இருப்பார்கள். சந்தையில் உங்களைத் தூரத்தில் பார்த்தால் சந்து வழியாகப் போகிறவர் இன்னும் இருப்பார். அவர் கையெழுத்துப் போட்ட செக்கை நீங்கள் கையில் வைத்திருக்கும்வரை அவர் கடன்காரர்தான், நீங்கள் வட்டிக்காரர்தான். உங்கள் பக்கம் மட்டும் தொழில் முடிந்துவிட்டது.

இந்தப் பத்திரிகையின் எல்லா வாசகர்களுக்கும் இந்தக் கணக்கு தெரிந்திருக்காது, ஒருமுறை சொல்கிறேன். தண்டல் என்றால் கையில் 8,500 ரூபாய் கொடுத்து, தினம் 100 ரூபாயாக 100 நாள் வசூலித்து 10,000 ஆக்குவது. பத்து வட்டி என்றால் 20,000 ரூபாய்க்கு மாதம் 2,000. பத்து மாதத்தில் வாங்கிய தொகை முழுவதையும் வட்டியாகவே கட்டி முடித்திருப்பார், அசல் மட்டும் அப்படியே நிற்கும். தமிழ்நாட்டில் 2003-ஆம் ஆண்டு வந்த அநியாய வட்டித் தடைச் சட்டம் கந்து வட்டி, மீட்டர் வட்டி, நாள் வட்டி, தண்டல் எல்லாவற்றையும் பெயர் சொல்லியே தடை செய்கிறது. நீங்கள் பதினைந்து வருஷம் செய்தது பாவம் மட்டும் இல்லை தம்பி, குற்றமும்கூட. சாட்சியில் முதல் சொல்லைத்தான் பயன்படுத்துகிறோம், இரண்டாவது சொல் வாயில் வருவதில்லை.

சகேயுவின் கதை உங்கள் சபையில் நிச்சயம் பிரசங்கிக்கப்பட்டிருக்கும். குள்ளமான மனிதர், காட்டத்தி மரத்தில் ஏறினார், இயேசு அவர் வீட்டுக்குப் போனார், ஞாயிறு பள்ளிப் பிள்ளைகள்கூடச் சொல்வார்கள். மரத்தை விட்டு இறங்கிய பிறகு நடந்ததைக் கவனியுங்கள். லூக்கா 19-ஆம் அதிகாரத்தில் சகேயு தன் உள்ளம் எப்படி உருகியது என்று ஒரு வார்த்தை பேசவில்லை. அவர் பேசியதெல்லாம் பணம். சொத்தில் பாதி ஏழைகளுக்கு, அநியாயமாக வாங்கியிருந்தால் நாலு மடங்காகத் திருப்பித் தருகிறேன் என்றார். அதைக் கேட்ட பிறகுதான் "இன்றைக்கு இந்த வீட்டுக்கு இரட்சிப்பு வந்தது" என்று இயேசு சொல்கிறார். பழைய ஏற்பாட்டுச் சட்டம் இவ்வளவு கேட்கவில்லை. எண்ணாகமம் 5-ஆம் அதிகாரத்தின்படி குற்றத்தை ஒத்துக்கொள்கிறவன் முதலோடு ஐந்தில் ஒரு பங்கு சேர்த்துக் கொடுத்தால் போதும். ஆட்டைத் திருடிக் கொன்றாலோ விற்றாலோதான் யாத்திராகமம் நாலு ஆடு கேட்கிறது. சகேயு தன்னை ஆட்டுத்திருடன் வரிசையில் தானே நிறுத்திக்கொண்டார். வரி வசூலிக்கும் ஆயக்காரருக்குத் தலைவன், கணக்கு தெரிந்தவர்.

தொழிலை விட்டாலே போதும் என்று நீங்கள் மட்டும் நினைக்கவில்லை. ஆங்கிலேயப் போதகர் ஜான் நியூட்டனைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். 1748-இல் கடலில் புயலில் சிக்கியபோது கடவுளைக் கூப்பிட்டவர். அதுதான் தன் மனமாற்றம் என்று ஆயுசுக்கும் அந்த நாளை நினைவுகூர்ந்தவர். ஆனால் அதற்குப் பிறகுதான் அடிமைக் கப்பலுக்குக் கேப்டனாகவே போனார். 1754-இல் கடல் வேலையை விட்டதும் மனசாட்சியால் இல்லை, உடம்பு முடியாமல். பிறகு குருவானார், பாட்டு எழுதினார், எல்லாம் நடந்தது. அடிமை வியாபாரத்தில் தான் கண்டதையும் செய்ததையும் வெளிப்படையாக எழுதி அச்சிட்டது 1788-இல்தான். மனமாறி நாற்பது வருஷம். அந்த எழுத்து அடிமை வியாபாரத்துக்கு எதிரான போராட்டத்துக்குப் பெரிய சாட்சியமானது உண்மை. ஆனாலும் அந்த நாற்பது வருஷம் எனக்கு உறுத்தும். நல்ல மனிதர், நல்ல போதகர், பீரோ மட்டும் பூட்டியே இருந்தது.

சரி, என்ன செய்வது? இந்த வாரமே பாண்டுகளை வெளியே எடுத்து ஒரு நோட்டில் எழுதுங்கள். பெயர், கையில் கொடுத்த தொகை, இதுவரை வாங்கியது, உங்களிடம் இருக்கும் காகிதம். யாருடைய ஏடிஎம் கார்டோ, ரேஷன் கார்டோ, பாஸ்புக்கோ இருந்தால் கணக்கெல்லாம் பார்க்க வேண்டாம், முதலில் கொண்டுபோய்க் கொடுத்துவிடுங்கள். அசலையும் நியாயமான வட்டியையும் கட்டி முடித்தவர்கள்தான் அதிகம் இருப்பார்கள் என்று நினைக்கிறேன். அவர்கள் பாண்டையும் செக்கையும் அவர்கள் கையிலேயே கொடுங்கள். பின்பக்கம் "கணக்கு தீர்ந்தது" என்று தேதியோடு எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். நீங்களே கிழித்துப் போட்டுவிட்டு "கிழிச்சிட்டேன்" என்று போனில் சொன்னால் யார் நம்புவார்கள்? அதிகமாக வாங்கிய தொகைக்கு அந்த இரண்டு லட்சம் இருக்கிறது. நாலு மடங்கு உங்களால் முடியாது. முடிந்த அளவு யாருக்கு முதலில் என்பதை அவர்கள் கஷ்டத்தை வைத்து முடிவு செய்யுங்கள். இன்னும் அசல் பாக்கி வைத்திருப்பவரிடம் அசலைக் கேட்பதில் தப்பில்லை, ஆனால் அதற்கும் ஒரு தவணை அவரே சொல்லட்டும்.

கிளம்பும் முன் ஒரு வழக்கறிஞரைப் பார்த்துவிடுங்கள். நீங்கள் போய் ஒத்துக்கொள்வதால் சட்டப்படி என்ன வரலாம் என்று தெரிந்துகொண்டு போவது நல்லது. உங்களுக்குப் பின்னால் பணம் போட்ட கூட்டாளி யாராவது இருந்தால் அதையும் அவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள்.

அந்த இரண்டு சென்ட் இடத்தை விற்று ஆலயத்துக்குக் கொடுக்கலாமா என்று கேட்கிறீர்கள். கூடாது. அது உங்களுடையதே இல்லை. வட்டிக்கு ஈடாக எழுதி வாங்கிய கிரயம் எப்படிப்பட்ட கிரயம் என்று உங்களைவிட யாருக்குத் தெரியும்? சார்பதிவாளர் அலுவலகத்தில் அவர் பெயருக்கே மறுகிரயம் செய்து கொடுங்கள். முத்திரைத்தாள் செலவும் பதிவுச் செலவும் உங்களுடையது. வட்டி போக அவர் வாங்கிய அசலில் நிஜமாகவே பாக்கி இருந்தால் அதைத் தனியாகப் பேசிக்கொள்ளலாம், இடத்தைப் பிணையாக வைத்துக்கொண்டு இல்லை.

இது ஒன்றும் பைபிளில் மட்டும் இருக்கிற பழைய யோசனை இல்லை. குடியிலிருந்து மீள 1935-இல் அமெரிக்காவில் இரண்டு பேர் சேர்ந்து தொடங்கிய ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் இன்று நம் ஊர்களிலும் நடக்கிறது. அவர்களுடைய பன்னிரண்டு படிகளில் எட்டாவது, தான் யாருக்கெல்லாம் தீங்கு செய்தோம் என்று பட்டியல் போடுவது. ஒன்பதாவது, அவர்களிடம் நேரில் போய்ச் சரிசெய்வது. அப்படிப் போவதால் அவர்களுக்கோ வேறு யாருக்கோ கெடுதல் வரும் என்றால் மட்டும் போகக்கூடாது என்று விதிவிலக்கும் வைத்திருக்கிறார்கள். உங்கள் விஷயத்தில், கணவருக்குத் தெரியாமல் உங்களிடம் கடன் வாங்கிய பெண்கள் இருப்பார்கள். அவர்கள் வீட்டு வாசலில் போய் நின்று மன்னிப்புக் கேட்டு அவர்களை மாட்டிவிடாதீர்கள்.

பட்டியலில் ஒரு பெயர் விட்டுப்போகும் என்று பயமாக இருக்கிறது. முதல் வரியில் உங்கள் மனைவி பெயரை எழுதுங்கள். குடிக்காக அடகு வைத்து மூழ்கிப்போன நகை எத்தனை பவுன்? அதை அவரிடமே கேட்டு எழுதுங்கள். உடனே திருப்ப முடியாது, சரி. ஹார்டுவேர் கடைச் சம்பளத்தில் மாதம் ஒரு தொகையை அவர் பெயரில் அஞ்சலகத்திலோ நகைச் சீட்டிலோ போட முடியுமா பாருங்கள். பேசாத மனிதரிடம் பேச்சைத் தொடங்க இதைவிட நல்ல காரணம் கிடைக்காது.

மனைவியை எப்படி நம்ப வைப்பது என்று கேட்டீர்கள். நம்ப வைக்க முடியாது. அவர் நம்பாததில் தப்பும் இல்லை. பவுல் மனம் மாறிய பிறகு எருசலேமுக்குப் போனபோது சீஷர்கள் யாரும் நம்பவில்லை, பயந்தார்கள் என்று அப்போஸ்தலர் 9-ஆம் அதிகாரம் சொல்கிறது. அவர் சிறைக்கு இழுத்துக்கொண்டு போனவர்கள் அவர்களுடைய ஆட்கள். பவுல் அதற்காகக் கோபித்துக்கொண்டதாக எங்கும் இல்லை. பர்னபா என்று ஒருவர் பொறுப்பெடுத்துக் கூட்டிக்கொண்டு போக வேண்டியிருந்தது. பதினைந்து வருஷம் "நாளையிலிருந்து குடிக்க மாட்டேன்" என்று கேட்ட காதுகளுக்கு ஞானஸ்நானம் இன்னொரு "நாளையிலிருந்து" போலத்தான் கேட்டிருக்கும். நேரத்துக்கு வீட்டுக்கு வாருங்கள், சம்பளத்தை முழுசாகக் கையில் கொடுங்கள், "இப்பவாவது நம்புறியா" என்று மட்டும் கேட்காதீர்கள்.

படங்களைத் திரும்ப வைத்துவிடுங்கள். இதைப் படித்துச் சில விசுவாசிகள் என்னைத் திட்டிக் கடிதம் எழுதுவார்கள், பரவாயில்லை. அந்தப் படங்கள் அவருடையவை. நீங்கள் குடித்துவிட்டு வந்த இரவுகளில் அவர் எதன் முன்னால் உட்கார்ந்து அழுதாரோ அதை அவரைக் கேட்காமல் எடுத்துக் கட்டி வைத்திருக்கிறீர்கள். நீங்கள் கும்பிட வேண்டியதில்லை, அது வேறு. கொரிந்தியருக்கு எழுதிய முதல் நிருபம் 7-ஆம் அதிகாரத்தில், விசுவாசியாயிராத மனைவி உன்னோடே வாசமாயிருக்கச் சம்மதித்தால் அவளைத் தள்ளிவிடாதே என்று பவுல் சொல்கிறார். அங்கே சம்மதம் அவள் கையில் இருப்பதைக் கவனியுங்கள். நம் நாட்டுச் சட்டமும் அப்படித்தான். கணவர் மதம் மாறினால் அதைக் காரணமாகக் காட்டி விவாகரத்து கேட்க இந்து திருமணச் சட்டம் மனைவிக்கு உரிமை தருகிறது. மாறியவருக்கு அந்த உரிமை இல்லை. உங்கள் மனைவி அதைக் கையில் எடுக்கவில்லை. இருக்கிறார். அதை நீங்கள் ஒரு நாளாவது அவரிடம் சொல்லி நன்றி சொல்லியிருக்கிறீர்களா?

மராத்திக் கவிஞர் நாராயண் வாமன் திலக் 1895-இல் கிறிஸ்தவரானார். சித்பாவன் பிராமணக் குடும்பம். மனைவி லட்சுமிபாய் நொறுங்கிப்போய் உறவினர்களோடு பல வருஷம் பிரிந்திருந்தார். பிறகு திரும்பி வந்தார், ஆனால் வந்த உடனே மதம் மாறிவிடவில்லை, தன் ஆசாரத்தை வைத்துக்கொண்டுதான் வந்தார். சாதி ஆசாரம் அர்த்தமில்லாதது என்ற எண்ணம் அவருக்குள் மெல்லத்தான் வந்தது. 1900-இல் அவராகவே ஞானஸ்நானம் பெற்றார். அதையெல்லாம் பின்னாளில் அவரே தன் வாழ்க்கைக் கதையாக எழுதினார், சிரிப்பும் கோபமும் கலந்து. உங்கள் மனைவியும் ஒரு நாள் சபைக்கு வருவார் என்று ஆசை காட்ட இதைச் சொல்லவில்லை. வரலாம், வராமலும் போகலாம். அந்த அம்மாவின் எழுத்தைப் படித்தால், கணவன் மதம் மாறும்போது மனைவி எதையெல்லாம் இழக்கிறாள் என்று தெரியும். பிறந்த வீடு, பண்டிகை, பக்கத்து வீட்டுப் பேச்சு. உங்களுக்குப் புது சபை கிடைத்தது, அவருக்குப் பதிலாக என்ன கிடைத்தது?

ஒரு சின்ன யோசனை. கொஞ்ச காலம் சாட்சி சொல்வதை நிறுத்தி வையுங்கள். உங்கள் சாட்சியில் உங்கள் மனைவி அடிபட்டதும், நகை போனதும், பிள்ளைகள் பயந்ததும் வராமல் இருக்காது. அவை அவருடைய கதைகள். அவர் அனுமதி இல்லாமல் மைக்கில் சொல்லப்பட்டு, தெருவில் திரும்ப அவர் காதுக்கே வந்து சேர்ந்திருக்கும். "சபைக்குத்தான் மாறியிருக்கீங்க" என்ற பேச்சு அங்கிருந்து வந்ததோ என்னவோ.

கடைசியாக அந்த இரண்டு லட்சம். கட்டட நிதிக்குக் கொடுப்பதாகப் பாஸ்டரிடம் ஏற்கெனவே வாக்குக் கொடுத்திருந்தால் போய் விஷயத்தைச் சொல்லுங்கள். காணிக்கையைப் பலிபீடத்துக்குக் கொண்டுவந்த இடத்தில் உன்மேல் ஒருவனுக்குக் குறை உண்டென்று ஞாபகம் வந்தால், காணிக்கையை அங்கேயே வைத்துவிட்டு முதலில் அவனிடம் போ என்று மத்தேயு 5-ஆம் அதிகாரத்தில் இருக்கிறது. அவருக்குத் தெரியாத வசனம் இல்லை. நல்ல போதகர் என்றால் முதல் சில வீடுகளுக்கு அவரே உங்களோடு வருவார். வராவிட்டால் உங்கள் கடைக்காரரையோ, ஊரில் மதிப்புள்ள வேறு ஒருவரையோ சாட்சிக்குக் கூட்டிக்கொள்ளுங்கள். தனியாகப் போகாதீர்கள், உங்கள் தலையைப் பார்த்ததும் கதவைச் சாத்திவிடுவார்கள். போகிற வீட்டில் கிறிஸ்துவைப் பற்றிப் பேச வேண்டாம். காகிதத்தைக் கொடுத்து, கணக்கைச் சொல்லி, மன்னிப்புக் கேட்டுவிட்டு வாருங்கள். திட்டினால் கேட்டுக்கொள்ளுங்கள். ஏன் இப்படிச் செய்கிறீர்கள் என்று அவர்களாகக் கேட்டால், அப்போது சொல்லலாம்.